மருந்தும் வேண்டும், மருந்தறிவும் வேண்டும்

உழவன் விதைக்கின்றான், நீர் பாய்ச்சுகின்றான், களை பிடுங்குகின்றான். ஆயினும், விளைந்தது வீடு வந்து சேரும்வரை அஃது அவனுடையதன்று. வெயிலும் மழையும் அதிலே பங்கு கேட்கின்றன. புழுவும் பூச்சியும் பங்கு கேட்கின்றன. இவற்றையெல்லாம் கண்ணாற் காணலாம். கண்ணாற் காணவியலாத இன்னொரு பங்காளியும் உண்டு. காற்றிலே பறந்து வந்து, ஈரமான இலையில் அமர்ந்து, ஓரிரவில் முளைவிட்டு, சில நாட்களில் தோட்டம் முழுவதையும் கருகச் செய்யும் அப்பங்காளியைப் பூஞ்சணம் என்று எம்மவர் சொல்வர். பாடநூல்கள் பங்கசு என்று கூறும்.

இந்தப் பங்கசைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி இன்று நாட்டிலே இருவகைப் பேச்சுகள் அடிபடுகின்றன. ஒரு சாரார், இவையெல்லாம் நஞ்சு, இவற்றை நாட்டுக்குள்ளேயே வரவிடலாகாது என்கின்றனர். மற்றொரு சாரார், விளைச்சல் வேண்டுமாயின் வாரந்தோறும் அடித்தே ஆகவேண்டும் என்கின்றனர். இவ்விரண்டு பேச்சும் உழவனை வழிதவறச் செய்வன என்பது எமது கருத்து. பங்கசுநாசினிகள் இன்றி இன்றைய உலகம் தன் மக்களுக்கு வயிறார உணவளிக்க முடியாது. அதே வேளை, அம்மருந்தை எதற்கு, எப்போது, எவ்வளவு இடுவது என்னும் அறிவு, அதனைக் கையிலே ஏந்துபவனின் மொழியில் அவனைச் சென்றடையாவிடின், பயிரைக் காக்க வந்தது அவனையே அழிக்கவும் கூடும். இவ்விரு உண்மைகளையும் ஒருசேர ஏற்று நடக்கும் கொள்கையொன்று எமது நாட்டுக்கு வேண்டும். அதனை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அயர்லாந்து கற்ற பாடம்

1845ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் ஏழைமக்கள் உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். அவர்கள் பயிரிட்ட தானியமும் வளர்த்த கால்நடையும் நிலப்பிரபுவுக்குக் குத்தகையாகச் சென்றன. அவர்களுடைய வயிற்றுக்குக் கிழங்கு ஒன்றே எஞ்சியது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலே கிழங்குத் தோட்டங்கள் திடீரெனக் கருகின. தோண்டியெடுத்த கிழங்குகள் அழுகி நாறின. 1846ஆம் ஆண்டு நிலைமை இன்னும் மோசமாயிற்று. தொடர்ந்த சில ஆண்டுகளிற் பசியாலும் பசியைத் தொடர்ந்த காய்ச்சலாலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மேலானோர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த சனத்தொகை, 1851ஆம் ஆண்டில் அறுபத்தைந்து இலட்சமாகக் குறைந்திருந்தது.

இந்த அழிவைச் செய்தது வெடியிடியன்று, கடவுளின் கோபமுமன்று, இலையிலே காணப்படும் பூஞ்சணமே என்று 1846ஆம் ஆண்டில் துணிந்து எழுதியவர், இங்கிலாந்தின் பாதிரியாரும் பங்கசு ஆராய்ச்சியாளருமான மைல்ஸ் ஜோசப் பேர்க்கிலி என்பவர். அக்காலத்து அறிஞர் பலர் அதனை நம்பவில்லை. பயிர் அழுகியபின்னரே பூஞ்சணம் வந்தது என்று வாதாடினர். இன்றைய விஞ்ஞானிகள் இந்த நோய்க்கிருமியை உண்மைப் பங்கசு இனத்திற் சேர்ப்பதில்லை. எனினும் அது பயிரைத் தாக்கும் முறையும் அதற்கு இடும் மருந்தும் பங்கசுக்கு உரியனவே.

ஒன்றை மறந்துவிடலாகாது. கிழங்கை அழித்தது நோய். மக்களைப் பட்டினியிட்டது ஆட்சி. கிழங்கு அழுகிய அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் தானியம் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. பயிர்நோய் என்பது வயலோடு முடிந்துவிடும் விடயமன்று. அஃது அரசியலும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எமது மலைகளில் நிகழ்ந்தது

அயர்லாந்து தூரத்து நாடு என்று எண்ணுவோர், எமது தீவின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கட்டும். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிலே சில கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் அதிபராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து, இஃது உலகம் இதுவரை அறியாத பங்கசு என்று கூறிப் பெயரிட்டவர்களுள் முதன்மையானவர் அதே பேர்க்கிலி பாதிரியார்தான்.

அக்காலத்தில் இலங்கை, உலகின் மிகப் பெரிய கோப்பி உற்பத்தி நாடுகளுள் ஒன்று. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தமையால் தோட்டத்துரைமார் நோயைப் பொருட்படுத்தவில்லை. மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியே நட்டனர். 1878ஆம் ஆண்டளவிற் கோப்பி நிலம் ஏறக்குறைய 275,000 ஏக்கராக விரிந்திருந்தது. விளைச்சலோ ஆண்டுக்காண்டு குன்றியது. 1880ஆம் ஆண்டு ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி அரசாங்கத்தால் வரவழைக்கப்பட்டார். இரண்டாண்டுகள் இங்கு தங்கி ஆராய்ந்த அவர், பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுவதையும், ஈர இலையில் முளைத்து இலைத்துளைகளின் வழியே உட்புகுவதையும் கண்டறிந்தார். உட்புகுந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. வித்தி முளைக்குமுன்னரே இலையின் மேல் மருந்து இருத்தல் வேண்டும் என்னும் அடிப்படை உண்மையையும் அவர் எடுத்துரைத்தார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டது நோய்க்குப் பாய் விரித்ததற்கு ஒப்பாகும் என்பதும் அவருடைய எச்சரிக்கை.

நோயை அறிந்தாயிற்று, மருந்துதான் இல்லை. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர். போதிய பயன் கிட்டவில்லை. நூற்றாண்டு முடியுமுன்னர் கோப்பி ஏறக்குறைய அழிந்தொழிந்தது. தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் இட்ட தேயிலையே பின்னர் மலைநாடெங்கும் பரவியது.

இம்மாற்றம் பயிர் மாற்றத்தோடு நின்றுவிடவில்லை. கோப்பி, பருவத்துக்குப் பருவம் ஆள் வேண்டும் பயிர். தமிழகத்திலிருந்து நடந்து வந்தோர் பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும் பயிர். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களிலே நிலைகொள்ள வேண்டியவராயினர் எமது மக்கள். மலையகத் தமிழர் என்று இன்று நாம் அழைக்கும் சமூகம் இம்மண்ணில் வேரூன்றியதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசும் காரணம் என்றால் அது மிகையாகாது. மருந்தில்லாத ஒரு நோய், ஓர் இனத்தின் வரலாற்றையே திசை திருப்பிவிட்டது.

வழியோரத் திராட்சை

இலங்கைக்குக் காலந்தாழ்த்திய மருந்து பிரான்ஸ் நாட்டிலே பிறந்தது. 1878ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவகைப் பூஞ்சண நோய் அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களைத் தாக்கியது. 1882ஆம் ஆண்டு போர்டோ நகரப் பேராசிரியர் மிலார்டே, மெடொக் பகுதியிலே நடந்து செல்கையில் ஒரு விந்தையைக் கண்டார். தோட்டமெங்கும் இலைகள் உதிர்ந்திருக்க, வீதியோரத்துக் கொடிகளில் மாத்திரம் இலைகள் பசுமையாக நின்றன. வழிப்போக்கர் பழத்தைத் திருடாதிருக்கும் பொருட்டு, தோட்டக்காரர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அவ்வோரக் கொடிகளின்மேல் தெளித்திருந்தனர் என்பது விசாரித்தபோது தெரியவந்தது.

கள்ளனுக்கு இட்ட காவல் பூஞ்சணத்துக்கும் காவலாயிற்று. மிலார்டே மூன்றாண்டுகள் பரிசோதனை செய்து 1885ஆம் ஆண்டில் அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். அதுவே போர்டோக் கலவை. உருளைக்கிழங்கின் நோயையும் அது தடுத்தது. அயர்லாந்தின் பஞ்சத்துக்கு நாற்பது ஆண்டுகள் பிந்தி, எமது கோப்பியின் வீழ்ச்சிக்குச் சில ஆண்டுகளே பிந்தி, உலகத்துக்கு முதன்முதலாக நம்பத்தகுந்த பங்கசுநாசினி கிடைத்தது.

அம்மருந்தின் அருமையை எமது மலைகளே பின்னர் மெய்ப்பித்தன. 1946ஆம் ஆண்டு தேயிலையைக் கொப்புள நோய் என்னும் பங்கசு நோய் தாக்கியது. மழைக்காலத்திலே இளங்கொழுந்தில் விழும் நோய் அது. கொழுந்தையே நம்பிய தேயிலைக்கு அதனினும் கொடிய பகை வேண்டுவதில்லை. கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கும் நேருமோ என்று அஞ்சினர். ஆனால், இம்முறை விஞ்ஞானிகளின் கையில் செம்பு மருந்துகள் இருந்தன. நோயின் போக்கை ஆராய்ந்து, உரிய இடைவெளியில் தெளிக்கும் முறையை வகுத்தனர். தேயிலை பிழைத்தது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே உழைப்பாளிகள். முன்னது அழிந்தது, பின்னது வாழ்ந்தது. மருந்தும் அதனைப் பயன்படுத்தும் அறிவும் வேளைக்குக் கிட்டியமையே இவ்வேற்றுமைக்குத் தலையாய காரணம்.

உலகின் சோற்றுப்பானை

மருந்து இருந்தும் அது வயலுக்குச் சேராவிடின் என்ன நேரும் என்பதனை முதலாம் உலக யுத்தகால ஜேர்மனி காட்டியது. செம்பு முழுவதும் குண்டுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் திருப்பப்பட்டது. உருளைக்கிழங்குக்குத் தெளிக்கச் செம்பு இல்லை. 1916ஆம் ஆண்டு குளிரும் மழையும் நிறைந்தது. கிழங்கு நோய் பரவி விளைச்சல் முந்திய ஆண்டின் பாதியளவாகக் குறைந்தது. கடல் முற்றுகையால் வெளியுணவும் வரவில்லை. அவ்வாண்டு முடிவிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் கால்நடைக்கு இடும் டேர்னிப் கிழங்கை உண்டு மக்கள் உயிர் தாங்கினர். போர்முனையிலே தோற்குமுன் அடுப்படியிலே தோற்றது அந்நாடு.

இன்றைய நிலை என்ன? 2019ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, நோய்களாலும் பூச்சி முதலிய பீடைகளாலும் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டது. நெல்லில் ஏறக்குறைய நூற்றுக்கு 30, கோதுமையிலும் சோளத்திலும் நூற்றுக்கு 22 அளவில், உருளைக்கிழங்கில் நூற்றுக்கு 17 என்பது அதன் முடிவு. இவ்வளவு மருந்தும் காவலும் இருக்கையிலேயே இத்துணை இழப்பு! காவல் நீங்கின் எத்துணையாகும் என்பதை வாசகர் உய்த்துணர்வாராக.

எமது நாட்டுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. நாம் உண்ணும் பாணும் இடியப்பத்திற் கலக்கும் மாவும் கோதுமையால் ஆனவை. அக்கோதுமை முழுவதும் பிறநாடுகளிலிருந்து வருவதே. மழையும் குளிரும் மிகுந்த வடமேற்கு ஐரோப்பாவிலே பங்கசுநாசினி பெறாத கோதுமை வயலைக் காண்பது அரிது. பிரேசில் நாட்டில் 1985ஆம் ஆண்டு முதன்முதலாகக் காணப்பட்ட கோதுமை எரிபந்த நோய், 2016ஆம் ஆண்டிலே கடல் கடந்து வங்காளதேசத்தில் தோன்றி ஏறக்குறைய 15,000 ஹெக்டயர் கோதுமையைத் தாக்கியது. நோய் பரவாதிருக்கும் பொருட்டு விளைந்த வயல்களையே தீயிட்டு எரிக்க நேர்ந்தது. ஒரு கண்டத்தின் நோய் மறு கண்டத்துக்கு வருவதற்கு இன்று ஒரு மூடை தானியம் போதும். எங்கோ ஓர் ஊரிலே கோதுமை பட்டால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாணின் விலை ஏறும்.

ஓரிரவுக் கட்டளை

இத்தனை உண்மைகளும் அறியப்பட்டிருந்தும், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எமது நாட்டிலே ஒரு கட்டளை பிறந்தது. இரசாயன உரத்தோடு பூச்சிநாசினி, களைநாசினி, பங்கசுநாசினி ஆகியவற்றின் இறக்குமதியும் ஒரே வர்த்தமானி அறிவித்தலாற் தடைசெய்யப்பட்டது. கமக்காரரைக் கேட்கவில்லை. ஆராய்ச்சியாளர் கூறிய எச்சரிக்கை செவியேறவில்லை. மாற்று மருந்தோ மாற்று உரமோ களஞ்சியத்தில் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே கட்டளையை மீளப்பெற நேர்ந்தது. எனினும் தொடர்ந்து வந்த பெரும்போக நெல் விளைச்சல், முந்திய பெரும்போகத்தினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. நெல்லைப் பொறுத்தவரை உரமின்மையே அதற்குப் பெருங்காரணம். உருளைக்கிழங்கு, வெண்காயம், தக்காளி, மிளகாய் முதலிய தோட்டப் பயிர்களைச் செய்வோருக்கோ நோய்வரின் கையறு நிலையே மிஞ்சியது.

தடை என்ற சொல்லையே நாம் வெறுக்கின்றோம் என்று யாரும் எண்ணவேண்டாம். எமது நாட்டிலேயே நல்ல தடைகளும் விதிக்கப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனம் மிகக் கொடியவையென வகுத்த பீடைநாசினிகள் 1995ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டன. 1998ஆம் ஆண்டில் எண்டோசல்பானும், 2008ஆம் ஆண்டு முதலாகப் படிப்படியாகப் பராகுவாற் முதலிய சிலவும் விலக்கப்பட்டன. நஞ்சருந்தி உயிர்மாய்ப்போரால் நிறைந்திருந்த எமது வைத்தியசாலைகள் அதன் பயனைக் கண்டன. 1995ஆம் ஆண்டளவில் நூறாயிரம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம், அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. விளைச்சல் அதனாற் குன்றவில்லை. ஏன்? எது கொடியது என்று ஆராய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக, மாற்றுக் கையிருக்கையில் விலக்கினார்கள். அறிவு நடத்திய தடை உயிர்களைக் காத்தது. ஆணவம் நடத்திய தடை அடுப்பை அணைத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

ஈராக்கின் செந்நிறக் கோதுமை

மருந்து வேண்டும் என்றோம். மருந்து மாத்திரம் போதுமா? போதாது என்பதற்கு ஈராக் நாட்டின் துயரம் சான்று.

1971ஆம் ஆண்டு ஈராக்கிலே வறட்சியால் விதை பற்றாக்குறையாயிற்று. அந்நாட்டு அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து பெருந்தொகையான விதைக் கோதுமையையும் வாற்கோதுமையையும் தருவித்துக் கமக்காரருக்குப் பங்கிட்டது. விதையைப் பூஞ்சணம் தாக்காதிருப்பதற்காகப் பாதரசம் சேர்ந்த பங்கசுநாசினி அதிலே பூசப்பட்டிருந்தது. உண்பதற்கு ஆகாது என்று காட்டச் செந்நிறச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூடைகளின் மேல் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. எந்த மொழியில்? ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்! மண்டையோட்டுச் சின்னம் பொறித்திருந்தனர். அச்சின்னத்தின் பொருள் அக்கிராமத்தவருக்குத் தெரியாது.

விதை பல இடங்களில் விதைப்புக் காலம் கடந்தபின்னரே வந்து சேர்ந்தது. வீட்டிலோ பசி. மக்கள் தானியத்தைக் கழுவினர், சாயம் போயிற்று. சாயம் போனால் நஞ்சும் போயிற்று என்று நம்பி அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். பாதரச நஞ்சு உடனே கொல்வதில்லை. வாரக்கணக்கிற் பதுங்கியிருந்து மூளையையும் நரம்பையும் தாக்கும். வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு மாண்டோர் 459 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. பார்வை இழந்தோரும் நடை தளர்ந்தோரும் வைத்தியசாலையை அடையாது மடிந்தோரும் இக்கணக்கில் முற்றாக அடங்கார்.

அந்த உழவர்கள் அறிவிலிகள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கோதுமை செய்தவர்கள். அவர்கள் அறிந்த மொழியிலே ஒரு வரி எழுதப்பட்டிருக்குமாயின், அதனை வாசித்துக் காட்ட ஓர் அதிகாரி ஊருக்கு வந்திருப்பாராயின், அவர்களுட் பலர் பிழைத்திருப்பர். மொழியுரிமை என்பது கச்சேரிப் படிவத்துக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் மாத்திரம் உரியதன்று. மருந்துப் போத்தலின் சிட்டையிலும் அஃது உயிர்நிலையாக நிற்கிறது.

மருந்து வலுவிழக்கும் விதம்

அறிவில்லாத பயன்பாடு மனிதனை மாத்திரமன்றி மருந்தையும் கெடுக்கும். செம்பு, மாங்கோசெப் போன்ற பழைய மருந்துகள் பங்கசின் உடலிலே பல இடங்களைத் தாக்குவன. அவற்றுக்குப் பங்கசு எளிதிற் பழகுவதில்லை. அண்மைக் காலத்துப் புதிய மருந்துகள் பலவோ ஓரிடத்தை மாத்திரம் தாக்குவன. அவை சிறிதளவே போதும், இலைக்குள்ளும் ஊடுருவும். ஆனால், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதனைத் தாங்கவல்ல பங்கசுகள் மட்டும் பிழைத்துப் பெருகும். உருளைக்கிழங்கு நோய்க்கு மெற்றலக்சில் என்னும் மருந்து எழுபதுகளின் இறுதியிலே சந்தைக்கு வந்தது. அற்புத மருந்தென்று போற்றப்பட்டது. 1980ஆம் ஆண்டிலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அது பயனற்றுப் போகத் தொடங்கியது. பஞ்சம் கண்ட அதே அயர்லாந்து, மருந்துக்கு மசியாத நோயையும் கண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனிதரின் நுரையீரலைத் தாக்கும் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பங்கசுக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்தும், வயலில் இடும் அசோல் வகை மருந்துகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நெதர்லாந்திலே நோயாளரிடம் மருந்துக்கு மசியாத அஸ்பர்ஜில்லஸ் காணப்பட்டபோது, வயலிற் பயன்பட்ட மருந்தே அதற்கு வழிவகுத்திருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் சுட்டிக்காட்டினர். வயலில் நாம் செய்யும் வீண்விரயத்துக்கு வைத்தியசாலைக் கட்டிலிலே ஒருவன் விலை கொடுக்கக்கூடும்.

பழைய மருந்துகளும் குற்றமற்றவையல்ல. ஐரோப்பிய ஒன்றியம் மாங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க 2020ஆம் ஆண்டு மறுத்துவிட்டது. மனித உடலின் சுரப்பிகளுக்கும் கருவுக்கும் அது தீங்கு செய்யும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் அடங்கும். செம்பு மண்ணிலே தங்கிச் சேரும். நூறாண்டு தெளித்த திராட்சைத் தோட்டங்கள் அதற்குச் சான்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமையோ தனியானது. சுண்ணாம்புக்கல் நிலம், ஆறில்லை. மேலே இடுவதிற் கரைவது கீழே இறங்கும். இறங்குவது கிணற்றைச் சேரும். கிணற்று நீரையே நாமும் எமது குழந்தைகளும் பருகுகின்றோம். வெண்காயத் தாள் முறுகுகிறதென்று கண்டவுடன், அது பங்கசா வேறொன்றா என்று அறியாமலே நான்கு மருந்துகளை ஒன்றாய்க் கலந்து அடிப்பது பணத்தை மண்ணிற் கொட்டுவதாகும். நஞ்சைக் கிணற்றிற் கொட்டுவதுமாகும்.

நாம் கேட்பவை

குற்றம் உழவனுடையதா? தாளை எடுத்துக்கொண்டு அவன் யாரிடம் போவான்? கமநல சேவை நிலையத்துக்குச் சென்றால் விவசாயப் போதனாசிரியர் பல கிராமங்களுக்கு ஒருவராய் அலைந்துகொண்டிருப்பார். கடைக்காரரோ எப்போதும் கடையில் இருப்பார். விற்பவரே வைத்தியரானால், நோய்க்கு ஏற்ற மருந்தா கிடைக்கும்? இறாக்கையில் இருக்கும் மருந்துதான் கிடைக்கும்.

ஆகவே நாம் கேட்பவை இவை.

முதலாவது, பயிர்நோயை இனங்காணும் வசதி. இலையைக் கொண்டுவந்தால் இன்ன நோய் என்று ஓரிரு நாளிற் சொல்லக்கூடிய ஆய்வுகூடம் ஒவ்வொரு விவசாய மாவட்டத்திலும் வேண்டும். நோய் எதுவென்று அறியாமல் மருந்து இடுவது குருட்டு வைத்தியம்.

இரண்டாவது, போதிய தொகையான, தமிழிலே பேசி எழுதி விளக்கவல்ல போதனாசிரியர்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாத்திரமன்று. மலையகத்துக் காய்கறித் தோட்டங்களில் மருந்துக் கலத்தை முதுகிற் சுமப்போரிற் பலர் தமிழர்.

மூன்றாவது, சிட்டை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் எமக்கு உண்டு. மும்மொழிகளிலும் விவரம் அச்சிடப்படல் வேண்டும் என்பது விதி. அச்சிட்டால் மாத்திரம் போதாது. உருப்பெருக்குக் கண்ணாடி இன்றி வாசிக்கக்கூடிய எழுத்திலே, உழவனுக்கு விளங்கும் தமிழிலே, எத்தனை லீற்றர் நீருக்கு எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம், எந்த மருந்தோடு மாற்றி அடிக்க வேண்டும் என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்த தமிழ் உழவனைக் காக்காது.

நான்காவது, வானிலையும் நோய் எச்சரிக்கையும். பங்கசு ஈரத்திலே வளர்வது. மழையையும் பனியையும் கணித்தால் நோயையும் ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் உருளைக்கிழங்கு செய்வோருக்கு இன்ன நாளில் நோய்க்கு ஏற்ற வானிலை வருகின்றது என்று அறிவிக்கின்றனர். வானொலி, கைபேசி இரண்டும் உள்ள இந்நாளில் எமது கமக்காரருக்கு அதனைத் தமிழில் அறிவிப்பது இயலாத காரியமன்று. வேண்டாத வாரத்திலே அடிக்காதிருப்பதே மிகப் பெரிய சிக்கனம்.

ஐந்தாவது, நோய்தாங்கும் இனங்களும் நோயற்ற விதையும். நோயுற்ற விதைக்கிழங்கை விதைத்துவிட்டு மருந்தாற் காக்க முயல்வது, ஓட்டைப் படகிலே தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றைக் கேட்கும் நாம், எமது கமக்காரரிடமும் சில கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஒரே நிலத்தில் ஒரே பயிரை ஆண்டுதோறும் இடாதீர்கள். கோப்பித் துரைமாரின் பேராசை எங்கு முடிந்தது என்று கண்டோம். நோயுற்ற செடியைப் பிடுங்கி வரம்பிலே எறியாது அழித்துவிடுங்கள். மாலையிலே இலை நனைய நீர் இறைத்து இரவு முழுதும் ஈரமாய் விடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் இன்றி மருந்து அடிக்காதீர்கள். சந்தை விலை ஏறியிருக்கிறதென்று, நேற்று அடித்த மருந்தின் ஈரம் காயுமுன் இன்று பிடுங்கி விற்காதீர்கள். வாங்கி உண்பவன் உங்கள் அயலவன்.

படித்த எமது உத்தியோகத்தருக்கும் ஒரு சொல். வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, ஆசிரியர் எனப் பெருகியுள்ள எமது மக்களிடையே, பயிர்நோய் கற்றுத் தோட்டத்துக்கு இறங்கி வருவோர் மிகச் சிலரே. கமக்காரனின் உழைப்பிலே படித்தவர்கள், அக்கல்வியின் ஒரு பகுதியையேனும் தமிழில் எழுதி அவனுக்குத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

கோப்பி அழிந்த காலத்தில் மருந்தே இல்லை. அதற்கு எவரையும் பழிக்கவியலாது. இன்று மருந்து இருக்கின்றது. மருந்தைப் பற்றிய அறிவும் இருக்கின்றது. ஆராய்ச்சி நிலையத்து அலுமாரியில் இருக்கும் அவ்வறிவு, வெண்காயப் பாத்தியின் ஓரத்தில் நிற்பவனிடம் போய்ச் சேர்வதொன்றே எஞ்சியுள்ளது. அதனைச் செய்யாத அரசாங்கம், தடை விதித்தாலும் தாராளமாக இறக்குமதி செய்தாலும் உழவனைக் கைவிட்டதாகவே நாம் கொள்வோம்.

அடுத்த மழை தொடங்கும்போது பங்கசு வரும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை; வர்த்தமானியை அது வாசிப்பதுமில்லை. அதற்குள் நாம் ஆயத்தமாவோமா?